கோடு எங்கே மெலிகிறது: எல்இடி பலகையில் மட்டக்களப்பு வாவியை வரைந்த ஒரு நிகழ்வு ஆய்வு

கிட்ட நின்று பார்த்தபோது கோட்டில் ஒரு குறையும் இல்லை. மண்டபத்து வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியென்று நாங்கள் வரைந்திருந்த வெள்ளைக்கோடு ஒரே சீராக ஒளிரவில்லை. ஓரிடத்தில் தடித்தது, பிறகு மெலிந்தது, மறுபடி தடித்தது. தேங்காய்நார்க் கயிற்றை இழுத்துக் கட்டிவைத்த மாதிரி இருந்தது.

"மனே, இது கோடில்ல, கயிறு," என்றார் ஐயா. நில அளவை வேலையில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கண்காட்சிக்கு மூலப்படத்தைத் தன் கையால் வரைந்து தந்தவரும் அவர்தான். "நான் மையில இழுத்தா கோடு எங்க மெலியும் தெரியுமா? கை தயங்கின இடத்தில. இதுக்குக் கை எங்க தயங்குது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஒன்பது நாட்களின் பதிவு இது. ஒரு கோளாறு என்று தொடங்கினோம். கடைசியில் நான்கு அகப்பட்டன. நான்கும் ஒரே குடும்பம், ஒரு புள்ளிக்கு எவ்வளவு வெளிச்சம் என்ற கணக்கில் பிறந்தவை என்பதைக் கண்டுகொள்ளத்தான் நேரம் எடுத்தது.

வேலையும் கருவியும்

பாடசாலைக் கண்காட்சி ஒன்றுக்கு, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்பு வாவியின் படம் ஒளிர வேண்டும். 64×64 புள்ளிகள் கொண்ட இரண்டு எல்இடி பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மொத்தம் 128×64, அதாவது 8192 புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி 3 மில்லிமீற்றர். ஆக முழுப் படமும் 384 மில்லிமீற்றர் நீளம், 192 மில்லிமீற்றர் உயரம். இயக்குவது ஈஎஸ்பி32 என்னும் சிறு கணினிச் சில்லு.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோரமாக வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. நீளவாக்குப் பலகையில் அடக்க வேண்டுமென்றால் படத்தைத் திருப்பத்தான் வேண்டும். வடக்கை இடப்பக்கம் வைத்தோம். அப்போது கடல் மேலே, எழுவான்கரை என்னும் கிழக்குக் கரை அதற்குக் கீழே, பிறகு வாவி, அடியில் படுவான்கரை என்னும் மேற்குக் கரை. வடக்கு மேலே இல்லாத படத்தை ஐயா முதலில் ஏற்கவில்லை. சூரியன் எழும் கரை மேலேயும் படும் கரை கீழேயும் வருகிறதென்று ஒரு மாணவி சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்.

ஓரத்துக்கு இடம் விட்டால் ஒரு புள்ளியின் அகலம் நிலத்தில் சுமார் 450 மீற்றர். வாவிக்குக் குறுக்கே போகும் கல்லடிப் பாலம் முழுவதுமே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். இந்த எண்ணை வாசிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு பெரிய கட்டங்களில் வாவியின் வளைவுகளைக் காட்டுவதற்கு உள்ள ஒரே வழி, ஒரு புள்ளியை எரியவிடுவதா அணைப்பதா என்று பார்க்காமல் எவ்வளவு எரியவிடுவது என்று தீர்மானிப்பதுதான். ஆன்டி-அலியாசிங் என்பது அதுதான். கோடோ வடிவமோ ஒரு கட்டத்தின் பரப்பில் எத்தனை பங்கை மூடுகிறதோ, அத்தனை பங்கு வெளிச்சம் அந்தக் கட்டத்துக்கு. இதைப் பரப்புப் பங்கு என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

எரி அல்லது அணை என்ற வகையில் கோடு வரையும் முறையை ஐபிஎம் நிறுவனத்தில் ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் உருவாக்கினார். 1965இல் அது அச்சில் வந்தது. பேனை பிடித்துத் தாளில் வரையும் இயந்திரத்துக்காக எழுதப்பட்டது. வெறும் முழு எண் கூட்டல் கழித்தலில் ஓடும். இன்றும் அதன் அழகு குறையவில்லை. ஆனால் அது ஏணிப்படி ஏணிப்படியாகத்தான் கோட்டை இறக்கும். கணினிப் படங்களில் இந்தப் படிக்கட்டு ஏன் வருகிறது, பரப்பைக் கணக்கில் எடுத்தால் எப்படி மறையும் என்பதை பிராங்க் குரோ 1977இல் விரிவாக எழுதினார். 1991இல் சியாவோலின் வூ, பிரெசன்ஹாம் முறையளவு சிக்கனத்தோடு மென்மையான கோடு போடும் வழியைத் தந்தார். நாங்கள் எடுத்தது வூவின் வழி. ஒவ்வொரு நெடுவரிசையிலும் கோடு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எங்கே போகிறது என்று பார்க்கும். மேல்புள்ளியில் இருந்து 0.3 தள்ளிப் போனால் மேலுக்கு 0.7, கீழுக்கு 0.3. எங்கே போனாலும் இரண்டையும் கூட்டினால் 1.

கூட்டினால் 1. எங்கள் பலகையில் அது 1ஆக இருக்கவில்லை.

முதலில் தவறான இடத்தில் தேடினோம்

வளைவை நேர்த்துண்டுகளாக உடைக்கும் பகுதியில்தான் பிழை என்று நான் நம்பினேன். ஐயாவின் கரைகளை மூன்று கட்டுப்பாட்டுப் புள்ளிகள் கொண்ட பெசியர் வளைவுகளாக மாற்றியிருந்தோம். மோட்டார் வண்டிகளின் உடல் வளைவுக்காகப் பிரான்சில் ரெனோ தொழிற்சாலையில் பெசியரும் சித்ரோவனில் த காஸ்தெல்ஜோவும் தனித்தனியே கண்ட வளைவுகள் இவை. இன்று எழுத்துருவில் இருந்து வரைபடம் வரை எல்லாவற்றிலும் இருக்கின்றன.

எத்தனை துண்டு போதும் என்பதற்குக் கைக்கணக்கு உண்டு. இரு முனைகளையும் கூட்டி, நடுக் கட்டுப்பாட்டுப் புள்ளியின் இருமடங்கைக் கழித்தால் ஒரு திசையன் வரும். அதன் நீளத்தை, விட்டுக்கொடுக்கக்கூடிய விலகலின் நான்கு மடங்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் துண்டுகளின் எண்ணிக்கை கிடைக்கும். நீளம் 20 புள்ளி, விலகல் 0.1 புள்ளி என்றால் 20ஐ 0.4ஆல் வகுத்து 50, அதன் வர்க்கமூலம் 7.07. எட்டுத் துண்டு போதும்.

எட்டுப் போதும் என்று கணக்குச் சொல்லியும் நான் நாற்பதாக உயர்த்தினேன். கல்முனை வீதியின் கயிறு அப்படியே இருந்தது. அதுவோ வளைவே அல்ல, ஏறக்குறைய நேர்கோடு. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். கரைக்கோடுகளிலோ நிலைமை மோசமானது. கோடு நெடுக வெளிச்சப் பொட்டுகள், மணி கோத்த மாலை மாதிரி. துண்டு கூடக்கூட மணியும் கூடியது. இரண்டு நாள் இதில் போயிற்று.

ஐயாவின் கேள்விதான் திரும்ப இழுத்து வந்தது. கை எங்கே தயங்குகிறது? நூல் பிடித்து அளந்தோம். வீதிக்கோடு 90 புள்ளி நீளத்தில் ஆறு வரிசை இறங்குகிறது. மெலிவு 15 புள்ளிக்கு ஒரு தடவை, அச்சுப் பிசகாமல் 45 மில்லிமீற்றருக்கு ஒரு தடவை வந்தது. ஒரு வரிசையில் இருந்து அடுத்த வரிசைக்குக் கோடு இறங்குவதும் 15 புள்ளிக்கு ஒரு தடவைதான். கோடு ஒரு புள்ளியின் நடுவால் போகும்போது பிரகாசம். இரண்டு புள்ளிகளின் சந்தில் போகும்போது மெலிவு. ஆக, வெளிச்சத்தை இருவருக்கும் பாதிப்பாதி பிரிக்கும் இடத்தில்தான் ஏதோ தொலைகிறது.

கிட்ட நின்றால் தெரியாமல் தள்ளி நின்றால் தெரிந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. நல்ல கண்ணுக்குப் பிரித்தறியும் எல்லை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவு. 3 மில்லிமீற்றர் இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்குவது சுமார் 10 மீற்றர் தூரத்தில். கிட்ட நிற்கிறபோது கண் தனித்தனிப் புள்ளிகளைப் பார்க்கிறது. வாசலில் நிற்கிறபோது பக்கத்துப் புள்ளிகளின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கிறது. ஐயா வாசலில் நின்று பார்த்தது கூட்டுத்தொகையை.

சதுரங்கப் பலகைச் சோதனை

இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. எல்இடி, கணினித் திரை, கைப்பேசி எதில் வரைந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். பலகையின் இடப்பாதியில் ஒரு புள்ளி முழு வெளிச்சம், அடுத்தது இருட்டு என்று சதுரங்கப் பலகைபோல் நிரப்பினோம். அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் பாதி வெளிச்சம். வலப்பாதியை 128 என்ற ஒரே எண்ணால் நிரப்பினோம். ஒரு புள்ளியின் வெளிச்சத்தை 0 முதல் 255 வரையான எண்ணால் சொல்வோம், 128 அதில் பாதி. தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும்.

வலப்பாதி மங்கிக் கிடந்தது. எண்ணை ஏற்றிக்கொண்டே போனோம். 140, 160, 180. கண்ணை மட்டும் நம்பாமல் ஒரு சிறிய ஒளிமானி உணரியையும் முன்னால் பிடித்தோம். 192க்கும் 196க்கும் நடுவில் இரு பாதியும் சமமாயின.

அந்த எண் நிறையப் பேசியது. வழக்கமான கணினித் திரையில் இதே சோதனையைச் செய்தால் சமமாகும் இடம் 188. திரைகள் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி என்னும் நியமத்தில் பாதி வெளிச்சத்துக்கு உரிய எண் அது. எங்களுக்கு 194 அளவில் வந்ததென்றால், கொடுக்கும் எண்ணை வெளிச்சமாக மாற்றும் வேறொரு அட்டவணை நடுவே இருக்கிறது. மனிதக் கண் உணரும் பிரகாசத்தை அளக்க 1976இல் வந்த, ஒளிக்கான பன்னாட்டு ஆணையமான சிஐஇயின் சூத்திரத்தின்படி, பாதி வெளிச்சம் நூற்றுக்கு 76 என்ற பிரகாசமாக உணரப்படும். 255இல் 76 சதவீதம் 194. பலகையை இயக்கும் நிரல் நூலகத்தைத் திறந்து பார்த்தோம். அதே அட்டவணை, 256 எண்கள், உள்ளே உட்கார்ந்திருந்தது.

எல்இடி பலகை தன்னளவில் நேர்மையானது. புள்ளியை மிக வேகமாக எரித்து அணைத்து, எரியும் நேரத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துகிறது. பாதி நேரம் எரிந்தால் பாதி வெளிச்சம். இடையில் இருந்த அட்டவணைதான் 128ஐ வாங்கி ஏறத்தாழ 18 சதவீத வெளிச்சமாக வெளியே விட்டது.

இனிக் கூட்டிப் பார்க்கலாம். கோடு புள்ளியின் நடுவால் போனால் 100 சதவீதம். கால்பங்கு விலகிப் போனால் 0.75, 0.25 என்று பிரியும். அட்டவணைக்குப் பிறகு அவை 48.3 சதவீதமும் 4.4 சதவீதமும், சேர்த்து 53 சதவீதம் வரை. சந்தில் போனால் 18.4உம் 18.4உம், சேர்த்து 37 சதவீதம் வரை. 100, 53, 37, 53, 100. இதுதான் ஐயா கண்ட கயிறு. அதன் ஒவ்வொரு முறுக்கும் இந்த ஐந்து எண்கள்தான்.

அட்டவணையைக் குறை சொல்ல மாட்டேன். அதே பலகையில் மாணவர்கள் எடுத்த புகைப்படங்களும் இடையிடையே ஓடின. புகைப்படத்தின் எண்கள் கண்ணின் உணர்வுக்கு ஏற்றபடி மடித்து வைக்கப்பட்டவை, அவற்றுக்கு அட்டவணை வேண்டும். ஒருமுறை அதை நிறுத்திப் பார்த்தபோது படங்களெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிப்போயின. பரப்புப் பங்கு என்பது மடிக்கப்பட்ட எண் அல்ல, அது உண்மையான வெளிச்சத்தின் பங்கு. இரண்டையும் ஒரே குழாயில் விட்டதுதான் பிழை.

செய்த திருத்தம்: நிறங்களையெல்லாம் முதலில் உண்மை வெளிச்ச அளவாக மாற்றி, கலப்பதை அந்த அளவிலேயே முடித்து, கடைசியில் அட்டவணையின் தலைகீழ்க் கணக்கைப் போட்டு நூலகத்திடம் கொடுத்தோம். அட்டவணை அதைத் திருப்பி நேராக்கிவிடும். 5 சதவீத வெளிச்சம் வேண்டுமென்றால் இப்போது 68 என்ற எண் போகிறது, முன்பு போனது 13. கயிறு அன்று மாலையே அவிழ்ந்தது.

ஒரு பக்கவிளைவு உண்டு. இருட்டுப் பின்னணியில் வெளிச்சக்கோடு போடும்போது, சரியாகக் கலந்தால் கோடு முன்னைவிடத் தடித்துத் தெரியும். இவ்வளவு நாளும் ஓரங்களை அட்டவணை தின்றுகொண்டிருந்தது.

சாய்ந்த கோடு மங்குவது ஏன்

கயிறு போன பிறகுதான் இது கண்ணில் பட்டது. பலகையின் வரிசைக்கு இணையாக ஓடும் வீதி பளிச்சென்றும், 45 பாகை சாய்ந்து உள்நாட்டுக்குள் போகும் கிளைவீதி மங்கலாகவும் இருந்தன. இரண்டுக்கும் கொடுத்தது ஒரே வெள்ளை, ஒரே தடிப்பு.

வூவின் முறை ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 1 என்ற அளவு வெளிச்சம் கொடுக்கிறது. கிடைக்கோடு ஒரு நெடுவரிசையைக் கடக்க ஒரு புள்ளி நீளம் போதும். 45 பாகைக் கோட்டுக்கு 1.41 புள்ளி நீளம் வேண்டும். அதே வெளிச்சம் கூடிய நீளத்தில் பரவுகிறது, ஆகவே ஒரு புள்ளி நீளத்துக்கு 71 சதவீதம்தான் மிஞ்சும். பிரெசன்ஹாம் கோட்டிலும் இதே குறை இருக்கிறது, படிக்கட்டுக்குள் ஒளிந்திருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

இதற்காக வூவின் முறையை விட்டு, தூரக் கணக்குக்கு மாறினோம். ஒவ்வொரு புள்ளியின் மையமும் கோட்டில் இருந்து செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். கோட்டின் தடிப்பில் பாதியோடு 0.5ஐக் கூட்டி, அதிலிருந்து அந்தத் தூரத்தைக் கழித்தால் பரப்புப் பங்கு. 0க்குக் கீழே போனால் 0, 1க்கு மேலே போனால் 1. சாய்ந்த விளிம்புக்கு இது அண்ணளவுதான், ஆனால் எந்தத் திசையில் கோடு போனாலும் வெளிச்சம் ஒரே அளவு. முனைகள் தாமாகவே உருண்டு வருவது கூடுதல் இலாபம்.

ஒரு எச்சரிக்கை. தடிப்பு 1 புள்ளிக்குக் குறைந்தால் இந்தக் கணக்கு கூடுதலாகக் கொடுக்கும். தடிப்பு 0.4 என்றால் குறுக்கே கூட்டிய வெளிச்சம் 0.4 வரவேண்டும், வருவதோ 0.49. தடிப்பு 0 என்று கொடுத்தாலும் 0.25 மிஞ்சும், இல்லாத கோடு தெரியும்! மெல்லிய கோட்டைத் தடிப்பு 1 என்றே கணக்கிட்டு, வரும் பங்கை 0.4ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். வாய்க்கால்களுக்கு இதைத்தான் செய்தோம்.

மணி கோத்த கரை

துண்டுகளைக் கூட்டியபோது பெருகிய மணிகள், வெளிச்ச அட்டவணையைத் திருத்திய பிறகும் போகவில்லை. ஒவ்வொரு துண்டையும் வரைந்த உடனே பலகையில் கலந்துவிட்டோம். ஒரு துண்டு முடியும் புள்ளியும் அடுத்தது தொடங்கும் புள்ளியும் ஒன்றே. 0.5 பங்கு பெற வேண்டிய ஓரப்புள்ளி முதல் துண்டிடம் 0.5 வாங்கியது. மிஞ்சிய பாதியில் பாதியை இரண்டாம் துண்டு கொடுத்தது. 0.75 ஆயிற்று. இரட்டைச் சம்பளம். துண்டுகள் குறுகக் குறுக மூன்று நான்கு துண்டுகள் ஒரே புள்ளியை மிதித்தன.

பலகையில் நேரே கலக்காமல் 8192 பைட் அளவுக்கு ஒரு தனித் தாள் ஒதுக்கினோம், புள்ளிக்கு ஒரு பைட். ஒரு கரையின் எல்லாத் துண்டுகளையும் முதலில் அந்தத் தாளில் போடுவோம். ஒரு புள்ளியில் இரண்டு துண்டு சந்தித்தால் கூட்டாமல் பெரியதை மட்டும் வைத்துக்கொள்வோம். தூரக் கணக்கில் பெரிய பங்கு என்பது கிட்டிய தூரம்தானே, ஆகவே முழுக் கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள தூரமே அதில் நிற்கும். கரை முழுவதும் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை நிறம் ஊற்றுவோம். ஈஎஸ்பி32இல் 520 கிலோபைட் நினைவகம் இருக்கும்போது 8 கிலோபைட் பெரிய செலவு அல்ல. மணிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஐயாவுக்கு இது உடனே விளங்கியது. ஈரமான கோட்டின் மேல் மறுபடி பேனை வைத்தால் மை ஊறி மொட்டு விழும். "கோட்ட ஒரே மூச்சில இழு, மறுகா காயவிடு" என்று பழகியவர் அவர்.

எழுவானுக்கும் படுவானுக்கும் நடுவே கறுப்பு

நீரும் நிலமும் சந்திக்கிற இடமே கரையாக இருக்கும்போது வெள்ளைக்கோடு எதற்கு என்று ஐயாதான் கேட்டார். நியாயம். கரைக்கோட்டை எடுத்துவிட்டு, எழுவான்கரை, வாவி, படுவான்கரை மூன்றையும் மூன்று நிரப்பு வடிவங்களாக விட்டோம். நிரப்புக்குத் தூரக் கணக்கு இல்லாமல் உண்மையான பரப்பைக் கணக்கிடும் முறையை எழுதினோம். வடிவத்தின் ஒவ்வொரு விளிம்பும் கட்டத்துக்குள் அடைக்கும் பரப்பைக் கூட்டற்குறி, கழித்தற்குறியோடு சேர்த்துக்கொண்டு போவது. எழுத்துருக்களைத் திரையில் வரையும் பிரீடைப் நிரலில் இருக்கும் வழியும் இதுதான். அங்கே ஒரு புள்ளிக்கு 256 படிகள்.

வெள்ளைக்கோடு போனதும் இரு கரை நெடுகிலும் மெல்லிய கறுப்புக்கோடு தெரிந்தது. யாரும் வரையாத கோடு.

விளிம்புப் புள்ளி ஒன்றை எடுங்கள், பாதி நீர், பாதி நிலம். முதலில் வாவியை ஊற்றினோம்: 50 சதவீதம் நீலம், மிச்சம் 50 சதவீதம் பலகையின் இருட்டு. அடுத்து நிலம் 50 சதவீதம் வருகிறது. அது இருட்டின் இடத்தைத்தான் நிரப்ப வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். அதற்கோ எது நீலம், எது இருட்டு என்று தெரியாது. இரண்டையும் சமமாகப் பாதியாக்கிவிடும். முடிவில் நிலம் 50, நீர் 25, இருட்டு 25. நீரும் நிலமும் சேர்ந்து முழுதாக மூட வேண்டிய புள்ளியில் கால்வாசி ஓட்டை.

பங்கு என்ற ஒற்றை எண்ணுக்குள் எந்தப் பாதி என்ற செய்தி இல்லாததால் வருவது இது. அடுத்தடுத்து ஒட்டும் வடிவங்கள் எங்கே இருந்தாலும் வரும். வலைத்தள வரைபடங்களில் மாவட்ட எல்லைகளில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு எளிய மருந்து போதுமாயிருந்தது. நிலத்தை இரண்டு கரையாக வெட்டி ஒட்டாமல் பலகை முழுவதும் ஒரே பச்சையாக முதலில் ஊற்றினோம். அதன்மேல் வாவியை ஒரு தடவை, கடலை ஒரு தடவை. இப்போது விளிம்புப் புள்ளியில் இருட்டுக்கு இடமே இல்லை. வடிவங்களை ஒட்டவைப்பதைவிட ஒன்றின்மேல் ஒன்றைப் போடுவதே எப்போதும் நல்லது என்பது என் கருத்து. தவிர்க்க முடியாமல் ஒட்டத்தான் வேண்டுமென்றால், ஒரு புள்ளிக்குரிய எல்லாப் பங்குகளையும் முதலில் சேர்த்து 1 ஆகிறதா என்று பார்த்துவிட்டு ஒரேயடியாகக் கலக்க வேண்டும்.

எழுத்து

ஊர்ப்பெயர்களில் நாங்கள் நினைத்த அளவு வெற்றி இல்லை. 16 புள்ளி உயரத்தில் ‘மட்டக்களப்பு’ நன்றாக வந்தது. ட, ப, க எல்லாம் நேர்க்கோடு அதிகம் உள்ள எழுத்துகள். ‘மண்முனை’ வந்தபோது ண், னை இரண்டிலும் சுழிகள் அடைத்துக்கொண்டன. சுழியின் உள்வெளி ஒரு புள்ளிக்கும் குறைவு, இரு பக்கத்துக் கோடுகளின் பங்கும் அதற்குள் வழிந்து நிரம்பிவிடுகிறது. மென்மையாக்கம் இதற்கு மருந்தல்ல, இருக்கிற வெளியைத்தான் அது உள்ளபடி காட்டும். எழுத்தின் கோட்டுத் தடிப்பை 0.9ஆகக் குறைத்து, சுழிகளைக் கையால் கால் புள்ளி அகட்டினோம். தமிழுக்கு 20 புள்ளி உயரமாவது வேண்டும் என்பது இதில் நான் கண்டது. இந்தப் படத்தில் அதற்கு இடமில்லை.

முகத்துவாரம்

எல்லாம் முடிந்த மாலை ஐயா வாசலில் நிற்காமல் நேரே பலகைக்கு முன் வந்து, விரலால் கரையைத் தடவிக்கொண்டு போனார். பாலமீன்மடுவில் விரல் நின்றது. வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம்.

எங்கள் பழைய நிரலில் அது மூடிக்கிடந்தது. புள்ளியின் மையம் நீரில் விழுந்தால் நீலம், நிலத்தில் விழுந்தால் பச்சை என்ற முறையில், 450 மீற்றர் கட்டத்தில் ஒரு ஒடுங்கிய வாய் இருப்பதும் இல்லாமல் போவதும் தற்செயல்தான். மையம் மணலில் விழுந்தது, வாவிக்குக் கடல் இல்லாமல் போயிற்று. படத்தை அரைப்புள்ளி நகர்த்தினால் வாய் திறக்கும், ஆனால் அரைக் கிலோமீற்றர் அகலத்துக்கு. தெற்கே கல்லாற்று முகத்துவாரத்துக்கும் அதே கதி. வாவியை நம்பி வாழும் ஊரில் இந்தப் படத்தை வைக்க எனக்கு மனம் வந்திராது.

பரப்புக் கணக்கில் அந்த வாய் தொலைவதில்லை. அகலம் 150 மீற்றர் என்று வைத்தால் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நீர். அந்த ஒரு புள்ளி மூன்றில் ஒரு பங்கு நீலமும் மிச்சம் பச்சையுமாக எரிகிறது. கிட்டப் பார்த்தால் நிறம் கலங்கிய ஒரு பொட்டு. வாசலுக்குப் போய்ப் பார்த்தால் மணல்திட்டை அறுத்துக்கொண்டு வாவி கடலுக்குள் போகிறது.

"சரி மனே, கோடையில மண் மூடுமே, அப்ப?" என்று கேட்டார்.

மாரி வெள்ளத்தில் முகத்துவாரத்தை வெட்டித் திறப்பதும், மழை ஓய்ந்த பிறகு கடல் மணலைக் கொண்டுவந்து ஒதுக்கி மூடுவதும் இங்கே எல்லாரும் அறிந்தது. நிரலில் அந்த வாயின் அகலத்தை ஒரு தனி எண்ணாக வெளியே எடுத்து வைத்தோம். மீற்றரில் கொடுத்தால் போதும், பங்கை நிரல் கணக்கிட்டுக்கொள்ளும். முதல் எண்ணை ஐயா சொன்னார், மாணவி ஒருத்தி தட்டினாள்.